ஏலக்காய் மின்னணு ஏலம், போடிநாயக்கனூர்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் கணினி வழியே நடக்கும் சிற்றேலக்காய் விற்பனை முறை. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மையங்களில், வாரியத்திடம் உரிமம் பெற்ற ஏல நிறுவனங்கள் இதை நடத்துகின்றன. 2007-ஆம் ஆண்டு தொடங்கியது. 2021 ஏப்ரல் முதல் இரு ஊர் வியாபாரிகளும் அவரவர் மையத்தில் உட்கார்ந்தபடியே ஒரே ஏலத்தில் விலை கேட்க முடிகிறது. விற்பனை வேகமானது இதன் ஒரு பயன். அன்றைய விலை தோட்டக்காரருக்கு அன்றே தெரியத் தொடங்கியது அதைவிடப் பெரிய பயன். இந்த வரலாற்றைத் தோட்டக்காரரின் பக்கத்திலிருந்து பார்ப்பதே பொருத்தம்.

தோட்டம் மேலே, கடை கீழே

ஏலக்காய் விளைவது உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு, சாந்தன்பாறை, பூப்பாறைப் பகுதிகளில். அதைச் சலித்து, பொறுக்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி வெளியூருக்கு அனுப்பும் பெரிய ஊர்களில் ஒன்று போடி எனப்படும் போடிநாயக்கனூர். தோட்டக்காரர்களில் பலருடைய வீடும் குடும்பமும் போடி, தேவாரம், கம்பம் பக்கம். விடியும் முன்பே ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக மேலே போகின்றன, சாயங்காலம் இறங்குகின்றன. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழியே எல்லை வகுக்கப்பட்டபோது மலை கேரளத்துக்கும் அடிவாரம் அன்றைய சென்னை மாநிலத்துக்கும் போயின. பயிர் ஒரு மாநிலத்திலும் வியாபாரம் இன்னொரு மாநிலத்திலும் அமைந்த இந்த ஏற்பாடு, பின்னாளில் ஏல மென்பொருளின் வடிவத்தையே தீர்மானித்தது.

திருவிதாங்கூர் அரசு இருந்த காலத்தில் மலை ஏலக்காய் அரசின் ஏகபோகச் சரக்கு. அது ஆலப்புழைக்குப் போய் அங்கிருந்து விற்பனையானது. முதல் தரக் காய்க்கு இன்றும் வழங்கும் ‘ஆலப்பி கிரீன்’ என்ற பெயர் அந்தத் துறைமுகத்தின் பெயர்தான். விடுதலைக்குப் பின் 1965-இல் ஏலக்காய்ச் சட்டம் வந்து, அதன்படி ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1987 பிப்ரவரியில் அது நறுமணப் பொருட்கள் வாரியத்தோடு இணைந்தது. ஊரில் யாரும் இப்படி நீட்டி முழக்குவதில்லை. ‘ஸ்பைசஸ் போர்டு’ என்பார்கள். அதே 1987-இல் வந்த ஏலக்காய் உரிம, சந்தைப்படுத்தல் விதிகளே ஏல நிறுவனத்துக்கும் வியாபாரிக்கும் இன்றளவும் அடிப்படை.

கூவி நடந்த ஏலம்

தோட்டத்து ‘ஸ்டோரில்’, அதாவது உலர்த்தும் கூடத்தில், காய் உலர்ந்ததும் மூட்டை கட்டி ஏல நிறுவனத்தில் பதிவார்கள். ஒருவர் கொண்டுவரும் சரக்கு ஒரு லாட். அதிலிருந்து எடுத்த சாம்பிள் சிறு பொட்டலங்களாக ஒவ்வொரு வியாபாரியின் முன்னாலும் வரும். அவர் அதைத் தட்டில் கொட்டுவார். பச்சை நிறம் மங்காமல் இருக்கிறதா, வெடித்த காய் எத்தனை, வண்டு துளைத்தது உண்டா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். ஒரு காயை நகத்தால் பிளந்து உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்று சோதிப்பார். விதை வெளுத்திருந்தால் இளங்காய். காயின் பருமனை மில்லிமீட்டரில் சொல்வது வழக்கம். அடுத்தது லிட்டர் எடை, அதாவது ஒரு லிட்டர் அளவில் கொள்ளும் காயின் எடை. அக்மார்க் தரப்படி ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்றால் 7 மில்லிமீட்டர் பருமனும் 435 கிராம் லிட்டர் எடையும் வேண்டும். ‘போல்டு’ தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். காய் பெரிதாக இருந்தும் எடை நிற்காவிட்டால் உள்ளே விதை சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள்.

இத்தனை சோதனையும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஏலக்காரர் விலையைக் கூவுவார், வியாபாரிகள் குரலாலும் தலையசைப்பாலும் ஏற்றுவார்கள். நாள் முழுக்க நூற்றுக்கணக்கான லாட்டுகள் இப்படிப் போகும். கண்ணும் காதும் கூர்மையாக உள்ளவர்களுக்கு ஏற்ற முறை அது. ஆனால் யார் எந்த விலையை எந்த வரிசையில் கேட்டார் என்பதற்கு ஏலக்காரரின் கைப்பட்டியல் தவிர வேறு சாட்சி கிடையாது. வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குகிறார்கள் என்ற மனக்குறை தோட்டக்காரர்களிடம் நெடுநாளாக இருந்தது. அது உண்மை என்று காட்டவும் ஆதாரம் இல்லை, இல்லை என்று காட்டவும் ஆதாரம் இல்லை.

விலை இறங்கி ஏறிய வழி

ஏல அறையில் இல்லாத தோட்டக்காரருக்கு அன்றைய விலை வந்துசேர்ந்தது பெரும்பாலும் வாங்குபவர் வாயிலிருந்துதான். அவசரச் செய்திக்குத் தந்தி, பிறகு தொலைபேசி. நாளிதழின் வணிகப் பக்கம் மறுநாள்தான் கையில் கிடைக்கும். மழையில் பாதை அடைபட்டால் அதுவும் இல்லை. பணமுடை உள்ள சிறு விவசாயி பதிவுக்குக் காத்திருக்காமல், வீட்டு வாசலில் வந்து நிற்கும் வியாபாரியிடம் காயைக் கொடுத்துவிடுவார். விலை தெரியாததால் அவர் இழந்ததற்குக் கணக்கே கிடையாது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல் திறந்தது. அதன் பலன் முதலில் ஏற்றுமதியாளர்களுக்கே கிடைத்தது. வளைகுடா நாட்டு வணிகர்களுக்குத் தொலைநகலில் போன விலைக்குறிப்பு மின்னஞ்சலில் போனது. ஏலக்காய் போட்ட காபி அரபு விருந்தோம்பலில் தவிர்க்க முடியாதது. சவூதி அரேபியா வாங்குகிறதா, குவாத்தமாலாவிலிருந்து எவ்வளவு சரக்கு வருகிறது என்ற செய்தி தெரிந்தவருக்கு ஏல அறையில் பலம் கூடுதல். அந்தச் செய்தி மின்னஞ்சல் வைத்திருந்தவரிடம் தங்கிவிட்டது. மேலே தோட்டத்தில் இருந்தவருக்கும் அவருக்கும் இடையிலான தூரத்தை முதல் பத்தாண்டு இணையம் குறைக்கவில்லை, கூட்டியது என்பதே என் மதிப்பீடு.

2007

விளைபொருள் ஏலத்துக்குக் கணினி வந்தது போடியில் முதல்முறையன்று. நீலகிரியில் குன்னூர் டீசர்வ் கூட்டுறவு நிறுவனம் 2003-இலேயே தேயிலையைக் கணினி வழியே ஏலம் விடத் தொடங்கிவிட்டது. ஏலக்காய்க்கு வாரியம் 2007-இல் போடியிலும் அடுத்து வண்டன்மேட்டுப் பகுதியிலும் இதைக் கொண்டுவந்தது. மலையிலுள்ள மையம் பின்னர் புற்றடியின் நறுமணப் பொருள் பூங்காவுக்கு மாறியது.

சாம்பிள் தட்டு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கணினித் திரை வந்தது. லாட் எண், மூட்டை, எடை, நடப்பு விலை எல்லாம் திரையில் தெரியும்; வியாபாரி விசையைத் தட்டி விலையை ஏற்றுவார். வேறு யாரும் ஏற்றாவிட்டால் லாட் முடிந்து அடுத்தது வரும். கடைசி விலை யாருடையது என்று வாதாட வேண்டியதில்லை. ஒவ்வொரு தட்டலும் பதிவாகிறது. விற்பனைக் கணக்கும் பட்டியலும் கையோடு தயாராகின்றன. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விற்க மறுக்கும் உரிமை தோட்டக்காரருக்குப் பழைய முறையைப் போலவே உண்டு.

இந்த மென்பொருள் தரத்தைப் பார்க்க முயலவில்லை. மணமும் நிறமும் பார்க்க வேண்டிய கண்ணையும் விரலையும் அது தொந்தரவு செய்யாமல் விட்டது. வாய் செய்த வேலையை மட்டும் எடுத்துக்கொண்டது. பழகிய வியாபாரிகள் மிரளாமல் இதை ஏற்றுக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ஏலம் முடிந்ததும் அதன் சுருக்கம் வாரியத்தின் இணையதளத்தில் ஏறியது. தேதி, ஏல நிறுவனத்தின் பெயர், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை என ஒரே ஒரு வரி. போடி வியாபாரத்தின் வரலாற்றில் இவ்வளவு சிறிய எழுத்து இவ்வளவு பெரிய வேலை செய்ததில்லை. பழைய தேதிகளின் வரிகளும் அங்கேயே கிடைப்பதால், போன ஆண்டு இதே வாரம் எப்படி இருந்தது என்று எவரும் பார்க்கலாம்.

தமிழில் தேடுவது

பட்டியல் இணையத்துக்கு வந்தாலும் அது ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் தேடிப் பார்க்கும் நிலையும் அன்று இல்லை. யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தபோதும், பல தமிழ்த் தளங்கள் தத்தம் எழுத்துருவில் தத்தம் குறியாக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியாக்கங்களும் தரமாக்கப்பட்டன. என்றாலும் அந்தக் குறியாக்கங்களில் எழுதியதைத் தேடுபொறியால் தமிழாகப் படிக்க இயலவில்லை. ‘ஏலக்காய் விலை’ என்று ஒருவர் யூனிகோடில் தட்டினால், அதே சொற்கள் உள்ள பழைய பக்கம் கண்ணில் படாது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்த காலத்தை ஒட்டி நிலைமை சீரானது. 2017-இல் கூகுள் தமிழ்க் குரல்தேடலைக் கொண்டுவந்தது. எழுத்துக்கூட்டித் தட்டச்சிடப் பழகாத தோட்டக்காரருக்கும் காய்ப்பறிப்புப் பிசின் ஒட்டிய கைக்கும் அது உதவியது.

சாகுபடித் தகவலுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளமும், 2018-இல் வந்த உழவன் செயலியும் தமிழில் இருக்கின்றன. தினசரி விலைக்கு வாட்ஸ்அப் எல்லாவற்றையும் முந்திவிட்டது; ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே லாட் விலைகள் கைமாறுகின்றன. பழைய நாளின் படமும் புதிது போலவே சுற்றுகிறது என்பதால் தேதி பார்க்காமல் நம்பக் கூடாது. தேடலில் வரும் தனியார் விலைப் பக்கங்களில் இன்னொரு சிக்கல்: சிக்கிமில் விளையும் பேரேலக்காயின் விலையும், நகரத்துச் சில்லறை விலையும், போடி ஏல விலையும் ஒரே பெயரில் கலந்து கிடக்கும். ஏல நிறுவனத்தின் பெயரும் விற்ற எடையும் இல்லாத விலையை விலையாகவே கொள்ள வேண்டியதில்லை.

ஏழாயிரம் ரூபாய்

2018 ஆகஸ்ட் வெள்ளம் இடுக்கித் தோட்டங்களைச் சாய்த்தது. அடுத்த கோடையின் வறட்சி எஞ்சியதை வாட்டியது. காய் அருகியதால் விலை ஏறி, 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அன்று வரை யாரும் காணாத உச்சம். செய்தி நாடெங்கும் போனது. போடி ஏலக்காய் தங்கமாகிவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் உச்ச விலை ஒரு சிறந்த லாட்டுக்குக் கிடைத்தது. அதே நாளின் சராசரி அதைவிட மிகத் தாழ்வு. விற்க அதிகம் காய் வைத்திருந்தவர்களும் சிலரே. உச்சத்தை நம்பிப் புதிதாக நட்டவர்களின் காய் சந்தைக்கு வந்தபோது விலை இறங்கியிருந்தது. 2022-இல் சராசரி ஆயிரம் ரூபாய்க்கும் கீழே போனது. வாரியத்தின் பட்டியலில் உச்சமும் சராசரியும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில்தான் இருக்கின்றன. செய்தியாவது முதல் கட்டம், குடும்பம் நடப்பது இரண்டாவது கட்டத்தில்.

ஒரே ஏலம், இரு மையம்

2007-இல் கணினி வந்தாலும் அது அந்தந்த அறைக்குள் அடங்கியது. புற்றடியில் ஏலம் என்றால் போடி வியாபாரி மலையேறிப் போக வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் ஏலம் நின்றது. மே இறுதியில் புற்றடியில் மீண்டும் தொடங்கியபோது மாநில எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. வாங்குபவர் கீழே, சரக்கு மேலே என்ற பழைய பிளவு அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. 2021 ஏப்ரலில் வாரியம் மேகக் கணிமை வழி நேரலை ஏலத்தைத் தொடங்கியது. சாம்பிள் இரு மையங்களுக்கும் போகிறது. தட்டல்கள் ஒரே இடத்தில் சேர்கின்றன. வாங்குவோர் எண்ணிக்கை கூடினால் போட்டி கூடும் என்பது எளிய கணக்கு; சிறு வியாபாரிக்கும் பயணச் செலவு மிச்சம்.

மென்பொருள் தொடாத இடங்கள்

மறுபதிவு இன்றும் ஆறாத பூசல். ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் வேறு பெயரில் மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அதனால் வரத்து அதிகம் போலத் தோன்றி விலை விழுகிறது என்பது தோட்டக்காரர்களின் புகார். இதைக் கட்டுப்படுத்த வாரியம் நடவடிக்கை எடுத்திருக்கிறது. கணினிக்கு மூட்டையின் எடை தெரியும். அந்தக் காய் சென்ற வாரமும் அதே அறைக்கு வந்ததா என்பது அதற்குத் தெரியாது.

இன்னொரு குறை எளிதில் தீரக்கூடியது. தினசரிப் பட்டியலில் காயின் பருமனுக்கோ லிட்டர் எடைக்கோ கட்டம் கிடையாது. எட்டு மில்லிமீட்டர் பச்சைக்காயும் வெடித்த காயும் ஒரே சராசரியில் கலக்கின்றன. ‘சராசரி இவ்வளவு, உங்கள் காய் அதற்குக் கீழே’ என்று வாசலில் நிற்கும் வியாபாரி சொன்னால், தன் தரத்துக்கு அன்று என்ன விலை போனது என்று எடுத்துக்காட்டத் தோட்டக்காரரிடம் பொது ஆவணம் ஏதும் இல்லை. பருமனும் லிட்டர் எடையும் ஏல நாளில் ஒவ்வொரு வியாபாரியின் தட்டிலும் கணிக்கப்படுகின்றன. அவற்றை லாட்டோடு சேர்த்துப் பதிந்து, பட்டியலைத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட இன்றைய மென்பொருளே போதும்.