இருமல் மருந்தும் சளிக்குப்பியும்: காசநோய்ச் சோதனை உள்ளூர் மருத்துவரை வந்தடைந்த வரலாறு

1963ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. பெங்களூரில் அப்போது புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த இவர்கள் துமகூரு மாவட்டத்தைத் தம் களமாகக் கொண்டனர். வீடுவீடாக நடந்த எக்ஸ்ரே, சளிக் கணக்கெடுப்பின் வழி நோயுற்றவர் எவர் என்பது முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. அவர்களிடமும், அவர்களையொத்த நோயற்றவர்களிடமும் நேர்காணல் நிகழ்த்தினர். காசநோயை அறியாத, அதனைப் பொருட்படுத்தாத, மருத்துவத்தை நாடாத கிராமத்து மனிதரைச் சந்திப்போம் என்பதே அன்றைய பொது எதிர்பார்ப்பு. கிடைத்த விடையோ நேர்மாறானது. நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் தம் உடலில் குறி தோன்றியிருப்பதை உணர்ந்திருந்தனர்; பலர் அது குறித்துக் கவலையுற்றிருந்தனர்; பாதிக்கும் மேற்பட்டோர் அருகிலிருந்த மருத்துவ நிலையத்திற்குச் சென்று வந்திருந்தனர். அவர்களுக்கு அங்கே கிடைத்தது ஒரு குப்பி இருமல் மருந்து. சளியை எடுத்து வரச் சொன்னவர் அரிது.

இந்தியப் பொதுநல மருத்துவ வரலாற்றில் இவ்வாய்வு பெற வேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்றே கூறவேண்டும். ‘மக்களின் அறியாமை’ என்ற சொற்றொடர் இன்றும் திட்ட ஆவணங்களில் தயக்கமின்றி இடம்பெறுகிறது. அறிந்து, கவலையுற்று, நடந்து சென்று, மருத்துவரின் முன் அமர்ந்து இருமிக் காட்டிய மனிதரைச் சோதிக்காமல் திருப்பி அனுப்பியது யாருடைய அறியாமை என்னும் வினா அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பப்பட்டுவிட்டது.

இவ்வினாவின் முழுப் பொருளை அறிய, சோதனை எங்கே இருந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிக் காண வேண்டும். ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை அறிவித்தது 1882 மார்ச் 24; ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டது 1895. அடுத்த சில பத்தாண்டுகளில் இவ்விரண்டும் இந்தியாவை வந்தடைந்தன. ஆயினும் அவை வந்து சேர்ந்தது மருத்துவக் கல்லூரிகளுக்கும் சானடோரியங்களுக்கும்தான். மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம், சென்னைக்குத் தெற்கே தாம்பரம் என ஊர்ப்புறத்துக் காற்றைத் தேடி அமைந்த அந்நிலையங்களில் நுண்நோக்கியும் கதிர்ப்படக் கருவியும் இருந்தன. (தாம்பரத்தை அடுத்த புறநகர் ரயில் நிலையம் இன்றும் ‘சானடோரியம்’ என்றே வழங்குகிறது, நோயின் பெயர் ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.) 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கை நாட்டில் ஏறத்தாழ 25 லட்சம் காசநோயாளிகள் இருப்பதாகவும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் அதனால் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அவர்களுக்கென இருந்த படுக்கைகள் சுமார் 6,000. படுக்கையோடு பிணைக்கப்பட்டிருந்த வரை சோதனை என்பது சிலருக்கு மட்டுமே உரிய பொருளாக இருந்தது. ஊர் மருத்துவரின் கையில் இருந்தவை நாடியும், இதயக் குழாயும், கலவை மருந்துக் குப்பியுமே.

இரண்டு ஆய்வுகள் இந்நிலையை மாற்றின. 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. கிராமத்திலும் நகரத்திலும் நோயின் அளவு பெரிதும் வேறுபடவில்லை. மக்கள்தொகையின் பெரும்பகுதி கிராமங்களில் வாழ்ந்தமையால் நோயாளிகளின் பெரும்பகுதியும் அங்கேயே இருந்தனர். கருவிகளோ நகரங்களில் இருந்தன. மற்றொன்று சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச் சிகிச்சை மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளை அளித்தது. 1959இல் முடிவுகள் வெளியாயின. ஆண்டிறுதியில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலையை எய்தியிருந்தனர். நெருக்கடியான குடியிருப்புகளில், குறைவான உணவோடு, வேலைக்குச் சென்றபடியே மருந்துண்டவர்கள் இவர்கள் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வேறுபாடு சிறிது. வீட்டில் இருந்தமையால் உடனுறைவோருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதாகவும் தெரியவில்லை.

சென்னை ஆய்வு மருந்தைப் பற்றியது என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. அதன் உள்ளமைப்பை நோக்கினால் அது துணைச் சேவையைப் பற்றியதும் ஆகும். சுகாதாரப் பார்வையாளர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றனர்; எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர்; சிறுநீரைப் பெற்று மருந்து உட்கொள்ளப்பட்டதா எனச் சோதித்தனர். நோயைக் கண்டறியப் பிறந்த சோதனை இங்கே நோயாளியின் சொல்லைச் சரிபார்க்கும் கருவியாகவும் ஆயிற்று. பரிவும் கண்காணிப்பும் ஒரே பணியாளரின் கைப்பையில் ஒருங்கே பயணம் செய்தன. பின்னாளில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை என்ற பெயரில் உலகெங்கும் பரவிய முறையின் வித்து சேத்துப்பட்டின் தெருக்களில் இவ்வாறு ஊன்றப்பட்டது. இவ்விரட்டைத் தன்மையை அதன் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒருசேர மறந்துவிடுவதுண்டு.

இவற்றின் விளைவாக 1962இல் உருவான தேசியக் காசநோய்த் திட்டம் எளிமையான ஒரு தருக்கத்தின் மேல் நின்றது. நோயாளி தானாகவே மருத்துவ நிலையத்திற்கு வருகிறார் என்பதைப் பானர்ஜியின் ஆய்வு காட்டிவிட்டது. எனவே அவரைத் தேடி வண்டி அனுப்ப வேண்டியதில்லை. வந்தவரின் சளியைச் சோதித்தாற் போதும். தனிக் காசநோய் மருத்துவமனைகளை விடுத்து, எல்லா நோய்களையும் பார்க்கும் சாதாரண நிலையங்களிலேயே நுண்நோக்கியை வைப்பது என முடிவாயிற்று. அத்தகைய நிலையங்களில் சளிச் சோதனையால் மட்டுமே ஒரு மாவட்டத்தின் நோயாளிகளில் கணிசமானோரைக் கண்டறிய இயலும் என்பதைப் பெங்களூர் நிறுவனத்தின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரை மெய்ப்பித்தது.

திட்டம் ஏட்டில் அழகாகவே இருந்தது. ஆனால் சளிச் சோதனை ஓர் உழைப்பு என்பதை ஏடு கணக்கில் கொள்ளவில்லை. கண்ணாடித் தகட்டில் சளியைப் பரப்பி, உலர்த்தி, சூடேற்றி, சிவப்புச் சாயமேற்றி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயமிட்டு, பின்னர் எண்ணெய்த் துளியின் வழியே நூறு புலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணில் படும். இல்லை என்ற விடைக்கே அதிக நேரம் தேவை. ஆகவே களைத்த கண் ‘இல்லை’ என்று எழுதிவிடுவது எளிது. மின்சாரம் இல்லாத நிலையங்களில் கண்ணாடி கொண்டு சூரிய ஒளியைத் திருப்பிப் பார்த்தனர். ஆய்வுக்கூட நுட்பர் பணியிடம் காலியாக இருக்கும், சாயம் தீர்ந்திருக்கும். இத்தகைய சூழலில் மருத்துவர்களின் நம்பிக்கை எக்ஸ்ரே படத்தின் மேல் சாய்ந்ததில் வியப்பில்லை. நிழலைக் கண்டு நோயென முடிவு செய்வது விரைவானது. அந்நிழல் பழைய தழும்பா, வேறு தொற்றா என்பதைப் படம் சொல்லாது. 1992இல் திட்டம் மறு ஆய்வு செய்யப்பட்டபோது சுட்டப்பட்ட குறைகளுள் எக்ஸ்ரேயின் மீதான மிகைச் சார்பும் ஒன்று. மருந்துத் தட்டுப்பாடும் இடையில் நின்றுபோன சிகிச்சைகளும் ஏனையவை.

இதற்கிடையே நோயாளி வேறொரு வாசலுக்குச் செல்லத் தொடங்கியிருந்தார். தெருமுனையில் மாலை நேரங்களில் திறந்திருக்கும் தனியார் மருத்துவரின் அறை அது. கூலி இழப்பின்றிச் செல்லலாம், வரிசை சிறிது, மருத்துவர் பெயர் சொல்லி அழைப்பார். 1991இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மும்பையின் தனியார் மருத்துவர் நூறு பேர் காசநோய்க்கு எழுதிய மருந்துச் சேர்க்கைகள் 80 வகையாக இருந்தன. 2010இல் அதே நகரில் அவ்வாய்வு மீண்டும் நிகழ்த்தப்பட்டபோது 106 மருத்துவர்கள் 63 வகைகளை எழுதினர்; முறையாக எழுதியோர் அறுவர் மட்டுமே. இப்புள்ளிவிவரம் மருத்துவரை எள்ளி நகையாடவே பெரிதும் பயன்பட்டிருக்கிறது. அம்மருத்துவரின் அறையில் என்ன சோதனை இருந்தது என்று கேட்டவர் குறைவு. அரசு நுண்நோக்கி மையத்திற்கு நோயாளியை அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் பொய்யுமன்று.

அவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தது இரத்தச் சோதனை. காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளந்து நோயைக் கணிப்பதாக அது உரிமை கோரியது. அறிவியல் அடிப்படையில் அது நிற்கவில்லை. நோயற்றவரை நோயாளி என்றது, நோயாளியை விட்டுவிட்டது. ஆயினும் அதன் செல்வாக்கிற்குக் காரணங்கள் இருந்தன. சளியைத் தருவதில் கூச்சம் உண்டு, பெண்களுக்கு மிகுதியாகவே உண்டு. இரத்தம் தருவதில் அது இல்லை. எண்ணில் அச்சிட்டு வரும் இரத்த அறிக்கை, ‘கிருமி இல்லை’ எனக் கையால் எழுதிய சீட்டைக் காட்டிலும் நவீனமாகத் தோன்றிற்று. இவற்றுக்கும் மேலாக, கருவிப் பெட்டியை விற்றவர், ஆய்வுக்கூடம் வைத்தவர், பரிந்துரைத்தவர் என ஒவ்வொருவர் கையிலும் அச்சோதனை சிறிது பணத்தை விட்டுச் சென்றது. ஆண்டுக்கு 15 லட்சம் சோதனைகள் இந்தியாவில் நிகழ்ந்தன என்பது அக்காலத்து மதிப்பீடு. இப்பெட்டிகளுட் சிலவற்றைத் தயாரித்த நாடுகள் தம் மக்களுக்கு அவற்றைப் பயன்படுத்தவில்லை என்பது தனியே எண்ணத்தக்கது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு எதிராகப் பரிந்துரைத்தது. ஒரு சோதனையைப் பயன்படுத்தவே கூடாது என்று இவ்வளவு வெளிப்படையாக அந்நிறுவனம் கூறுவது வழக்கமன்று. 2012 ஜூனில் இந்திய அரசு அதனைத் தடை செய்தது.

அதற்கு ஒரு மாதம் முன்னர், 2012 மே மாதத்தில், காசநோயாளி ஒவ்வொருவரையும் பற்றித் தனியார் மருத்துவரும் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஆணை வெளியாகியிருந்தது. தடையும் ஆணையும் தாளில் எழுதப்படுவன. மருத்துவரின் மேசைக்கு மாற்றுச் சோதனை ஒன்று வந்தாக வேண்டும். சளியிலுள்ள கிருமியின் மரபணுவை இரண்டு மணி நேரத்திற்குள் காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் முறையை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரிலேயே ஏற்றிருந்தது. எனினும் தனியார் ஆய்வுக்கூடங்களில் அதன் விலை ஏழை நோயாளிக்கு எட்டாததாக இருந்தது. 2013இல் ஆய்வுக்கூடங்கள் பல ஒன்றுகூடி, கருவிப் பொருட்களைச் சலுகை விலையில் பெறுவதற்கு ஈடாக நோயாளியிடம் வாங்கும் கட்டணத்திற்கு உச்சவரம்பு ஏற்றன. 2014 முதல் மும்பையிலும் பாட்னாவிலும் நடந்த முயற்சி இதனினும் ஒரு படி முன்னே சென்றது. தனியார் மருத்துவரையும், பட்டமில்லாத மருத்துவரையும், மருந்துக்கடைக்காரரையும் ஒரே வலையில் இணைத்து, நோயாளியின் கையில் மின்னணுச் சீட்டு ஒன்றைத் தந்தது, சோதனைச் செலவைக் குறைத்தது, மருந்தை இலவசமாக்கியது. நோயாளி தம் மருத்துவரை விட்டு நீங்க வேண்டியதில்லை. மருத்துவரின் அச்சத்தைக் கண்டிக்காமல் அதற்கு வழி செய்த முதல் திட்டங்களுள் இது ஒன்று. மேலிருந்து கட்டளையிட்டுப் பழகிய நிர்வாகத்திற்கு இது புதிய பாடம்.

இம்முயற்சிகள் தொடங்கிய அதே காலத்தில் டெல்லியில் நிகழ்ந்த ஓர் ஆய்வு துமகூரு ஆய்வோடு ஒப்பிட்டுப் படிக்கத்தக்கது. நோயாளிகளைப் போல் நடிக்கப் பயிற்சி பெற்றோர் மருத்துவர்களிடம் சென்று ஒரே வகைக் குறிகளைக் கூறினர். 2015இல் வெளியான முடிவின்படி, 250 சந்திப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் மட்டுமே முறையான நடவடிக்கை எடுக்கப்பட்டது. சோதனைக்கு அனுப்புவதே முறை என்று வினாத்தாளில் சரியாக விடையளித்த மருத்துவர்களும் நேரில் அவ்வாறு செய்யவில்லை. 2018இல் வெளியான மும்பை, பாட்னா ஆய்வில் இவ்விகிதம் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்தது. இருமல் மருந்தின் இடத்தை இப்போது நுண்ணுயிர்க்கொல்லி பிடித்திருந்தது. எனினும் ஒரு நுணுக்கம் உண்டு: கையில் சளிச் சோதனை அறிக்கையோடு சென்றவர்கள் வெறும் இருமலோடு சென்றவர்களைக் காட்டிலும் முறையாக நடத்தப்பட்டனர். அறிவு மருத்துவரிடம் இருந்தது. அது செயலாக மாற ஒரு தாள் தேவைப்பட்டது.

கோவாவில் உருவான ட்ரூநாட் கருவி மின்கலத்தில் இயங்குவது. குளிரூட்டிய அறை அதற்கு வேண்டியதில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்ற இது ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை சென்றிருக்கிறது. நுண்நோக்கியை நோக்கி எழுப்பப்பட்ட பழைய குறைகள் உருமாறி இங்கும் தொடர்கின்றன: மரபணுச் சில்லு தீர்ந்துபோதல், நுட்பர் மாற்றலாகிச் செல்லுதல். துணைச் சேவையும் உருமாறியது. 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதந்தோறும் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. நோயாளியை அறிவிக்கும் தனியார் மருத்துவருக்கும் ஊக்கத்தொகை உண்டு. வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணிய சுகாதாரப் பார்வையாளரின் பணியில் ஒரு பகுதியைக் கணினித் தளம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஊர் விட்டு ஊர் சென்று கட்டட வேலை செய்யும் தொழிலாளியின் கணக்கு ஓர் ஊரிலும், அவர் இருமுவது வேறோர் ஊரிலுமாக இருக்கும்போது அத்தொகையை அவர் கையில் சேர்ப்பிப்பவர், பெரும்பாலும், அந்தத் தளத்தில் பெயர் இடம்பெறாத ஒரு களப்பணியாளரே.