சைலன்சர் ஸ்டட் மரை சீரமைப்பு

காற்றால் குளிரும் பழைய எஞ்சின்களில் சைலன்சர் குழாயை ஹெட்டோடு, அல்லது சிலிண்டர் பேரலோடு, பிடித்து நிறுத்தும் ஸ்டட்டின் மரை அழிந்துவிட்டால், அந்தத் துளையில் புது மரை உண்டாக்கி ஸ்டட்டை மீண்டும் உறுதியாக நாட்டும் வேலை. சின்ன வேலைதான். ஆனால் அவசரப்பட்டுச் செய்தால், இப்போது எளிதில் கிடைக்காத ஹெட்டே பாழாகிவிடும்.

எல்லாப் பழைய வண்டிகளிலும் இந்த அமைப்பு இல்லை. திருவொற்றியூரில் உருவான இரும்பு பேரல் புல்லட்டில் குழாய் ஹெட்டின் துளைக்குள் செருகி நிற்கும். மைசூரில் 1961 முதல் 1996 வரை தயாரான ஜாவா, எஸ்டி வண்டிகளில் வளைய நட்டு குழாயைப் பேரலோடு பிணைக்கும். 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100இலோ இரண்டு 6 மி.மீ. ஸ்டட்டுகள் அலுமினிய ஹெட்டில் நேரடியாக ஏறியிருக்கும். கடலூர் மாவட்டத்தில், வீராணம் பாசனமும் கொள்ளிடமும் சூழ்ந்த குமராட்சிப் பக்கம் இத்தகைய வண்டிகள் வயல் சேற்றிலும் வடகிழக்குப் பருவமழையிலும் ஓடித் தேய்கின்றன. மாவட்டத்தின் கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஈரமும் உப்பும் பட்ட இடத்தில் எஃகோடு ஒட்டிய அலுமினியம் வேகமாக அரிக்கப்பட்டு, வெள்ளைப் பொடியாகப் பூத்து மரையை இறுக்கிவிடும்.

அழுத்தித் திருகியதால்தான் மரை போனது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிக் காரணம்தான். ஒரு டிகிரி வெப்பத்துக்கு அலுமினியம் மீட்டருக்கு ஏறக்குறைய 23 மைக்ரோமீட்டர் விரியும், எஃகு 12 மட்டுமே. எஞ்சின் சூடாகி ஆறும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் இடையே இழுபறி நடக்கிறது. இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. சைலன்சரின் பின்பக்க பிராக்கெட் போல்ட் தளர்ந்தால் முழு எடையும் அதிர்வும் இந்த இரண்டு ஸ்டட்டுகள் மீதே விழும். பிராக்கெட்டைச் சரிசெய்யாமல் மரையை மட்டும் சரிசெய்தால் அது மறுபடியும் போகும்.

பழைய ஸ்டட் உள்ளே உடைந்திருந்தால், ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஹெட்டைச் சூடாக்கிய பிறகே திருக வேண்டும். வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வெல்டு வைப்பதே நல்ல வழி. வெல்டின் சூடே பாதிப் பிடியைத் தளர்த்திவிடும். உடைந்த ஸ்டட்டை எடுக்கும் ‘ஈசி அவுட்’ கருவியை முரட்டுத்தனமாகத் திருகினால் அது உள்ளேயே முறியும். அந்தக் கடின எஃகைச் சாதாரண டிரில் பிட் தொடக்கூட முடியாது.

புது மரைக்கு வழிகள் பல. துளையை 6.8 மி.மீ. ஆக்கி 8 மி.மீ. டேப்பால் மரை வெட்டி, ஒரு முனை 8, மறுமுனை 6 மி.மீ. கொண்ட படிநிலை ஸ்டட்டை ஏற்றலாம். ஹெலிகாயில் போடலாம். இது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிச் சுருள். துளையைவிடச் சற்றுப் பெரியதாக இருப்பதால் உள்ளே ஏறியதும் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். எஃகுச் சுருளின் மரை, அலுமினியத்தில் நேரடியாக வெட்டிய மரையைவிட அதிக நாள் உழைக்கும். சுருள் கிடைக்காத இடத்தில் லேத் பட்டறையில் உள்ளும் புறமும் மரையிட்ட புஷ் கடைந்து வாங்கலாம். ஆர்கான் வெல்டால் துளையை அடைத்துப் புதிதாகத் துளைப்பது கடைசி வழி. எண்ணெய் ஊறிய பழைய அலுமினியத்தில் வெல்டு குமிழிவிடும், ஹெட்டும் கோணக்கூடும்.

எந்த வழியானாலும் துளை செங்குத்தாக இருப்பதே உயிர்நாடி. சாய்ந்தால் குழாயின் ஃபிளேஞ்ச் ஒருபுறம் உட்காராது, புகை கசியும். டேப்பை மண்ணெண்ணெய் தொட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே எனத் திருகிச் சீவலை உடைத்து வெளியே எடுக்க வேண்டும். துளையின் ஆழத்தை டிரில் பிட்டில் ஒட்டுநாடா சுற்றிக் குறித்துக்கொள்வது அவசியம். ஆழம் மீறினால் புகைத்துளைக்குள்ளேயே ஓட்டை விழும்.

பிரிட்டிஷ் வழி வந்த எஞ்சின்களில் ஒரு பொறி உண்டு. 5/16 அங்குல பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் நுண்மரைத் தரம்) மரையின் விட்டம் 7.94 மி.மீ. என்பதால் 8 மி.மீ. ஸ்டட் அதில் ஏறுவதுபோலத் தோன்றும். ஆனால் பிஎஸ்எஃபில் அங்குலத்துக்கு 22 மரை, அதாவது மரை இடைவெளி 1.15 மி.மீ. 8 மி.மீ. மரையின் இடைவெளியோ 1.25. மரைக் கோணமும் 55 டிகிரி, 60 டிகிரி என மாறுபடும். ஓரிரு சுற்று இறங்கியதும் இறுகும். அதை மீறித் திருகுகிறவர் நல்ல மரையையும் அழிக்கிறார். ஸ்டட்டை வாங்குமுன் மரை கேஜ் வைத்துப் பார்ப்பதே இதற்குத் தீர்வு.

பூட்டும்போது புது காஸ்கெட் வளையம் வைத்து, முன் நட்டுகளையும் பின் பிராக்கெட் போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றிவிட வேண்டும். பிறகு முன் நட்டுகளை மாறி மாறி இறுக்க வேண்டும். 6 மி.மீ. ஸ்டட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். பிராக்கெட் போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். எஞ்சினை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, முன் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்தால் வேலை முடிந்தது.