துப்பறிந்த கிழவரின் மனமாற்றம்

துப்பறியும் கதை என்றதும் நேயர்கள் பலருக்கும் நினைவில் வருபவர் ஷேர்லொக் ஹோம்ஸ். அவர் அச்சில் தோன்றிய ஆண்டு 1887. அதற்கு 21 ஆண்டுகள் முன்னரே, கொலை நடந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொலைகாரனின் தோற்றத்தைச் சொன்ன கிழவர் ஒருவர் பிரெஞ்சு நாவலில் பிறந்துவிட்டார்.

அவர் பெயர் தபாரே. அவரைப் படைத்தவர் எமில் கபோரியோ (1832 - 1873). நாவலின் பெயர் 'லுரூஜ் வழக்கு'. 1866 இல் பாரிஸ் பத்திரிகையொன்றில் தொடராக வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது.

தபாரே பொலிஸ்காரர் அல்லர். அரச அடகு நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பொலிஸாரின் நினைவுக் குறிப்புகளைப் படித்துப் படித்து, சம்பளம் எதுவுமின்றித் துப்பறிய வந்தவர். பாரிசுக்கு அண்மையில் ஒரு விதவை கொலையுண்டபோது அவரை அழைக்கிறார்கள். வந்தவன் இளைஞன், உயர்ந்த தொப்பி அணிந்தவன், குடை வைத்திருந்தான், சுருட்டுப் பிடித்தான் என்று அடுக்குகிறார். அவர் காட்டிய வழியில் பிரபு குடும்பத்து வாலிபன் அல்பேர் கைதாகிறான்.

ஹோம்ஸ் கதையென்றால் இவ்விடத்தில் முடிந்திருக்கும். கபோரியோ இங்கேதான் ஆரம்பிக்கிறார். இவ்வளவு திட்டமிட்ட கொலைகாரன், அவ்வேளையில் தான் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டச் சான்றொன்றைத் தயாரித்து வைத்திருப்பான் என்பது தபாரேயின் கணக்கு. அல்பேரிடம் அப்படி எதுவுமே இல்லை. சான்று இல்லாததே மற்றவர்களுக்குக் குற்றத்தின் அடையாளம்; கிழவருக்கோ அதுவே அவன் நிரபராதி என்பதற்கு அடையாளம். தாமே சிக்கவைத்தவனை மீட்க அவர் ஓடுகிறார். ஆனால் நீதவானோ இப்போது அவர் சொல்லைக் கேட்பதாயில்லை. உண்மை வெளிப்படும்போது, தாம் மகனைப் போல நேசித்த இளைஞனே கொலைகாரன் என்று அறிகிறார்.

நாவலின் முடிவு இன்னும் வியப்பானது. நீதி தவறாது என்று நம்பியிருந்த தபாரே, பின்னர் எங்கும் நீதியின் பிழைகளையே காண்கிறார். மரண தண்டனையை ஒழிக்கக் கோரும் மனுக்களுக்குக் கையொப்பம் திரட்டுகிறார். குற்றம் சுமத்தப்பட்ட ஏழை நிரபராதிகளுக்கு உதவச் சங்கம் அமைக்கிறார்.

பிரான்ஸ் மரண தண்டனையை ஒழித்தது 1981 இல்; நாவல் வெளிவந்து 115 ஆண்டுகளின் பின்னர். துப்பறியும் கதையைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். கொலைகாரனைக் கண்டுபிடிப்பது மட்டும் அந்தக் கிழவரின் வெற்றியன்று. தம் அறிவும் பிழைக்கும், அந்தப் பிழைக்கு இன்னொருவன் உயிரை விலையாகக் கொடுக்க நேரும் என்று உணர்ந்ததே அவரது பெரிய கண்டுபிடிப்பு.