ஒருபடிச் சமன்பாட்டின் வரைபடப் புள்ளிகள்

இரண்டு மாறிகளைக் கொண்ட ஒருபடிச் சமன்பாட்டை நிறைவு செய்யும் எண்சோடிகள் எண்ணிறந்தனவாயினும், அவற்றைத் தளத்தில் புள்ளிகளாகக் குறிக்குங்கால் அவையனைத்தும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. இயற்கணிதத்தையும் வடிவகணிதத்தையும் பிணைக்கும் இவ்வுண்மை தெளிவான உருப்பெறச் சில நூற்றாண்டுகள் சென்றன.

14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம், காலத்தைக் கிடைக்கோட்டிலும் வேகத்தை அதன்மேல் எழுப்பிய செங்குத்துக் கோடுகளிலும் காட்டி, சீராக வளரும் வேகத்தின் உச்சிகள் சாய்ந்த நேர்கோடாவதை விளக்கினார். ஆயினும் அவரிடம் சமன்பாடு இல்லை.

1637இல் லைடன் நகரில் பிரசுரமான 'வடிவகணிதம்' என்னும் நூலால் பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட்டின் பெயரே சமன்பாட்டையும் வடிவத்தையும் பிணைக்கும் இத்துறையில் நிலைத்துவிட்டது. ஆனால், அவருடைய கவனம் பெரும்பாலும் வளைகோடுகளிலேயே சென்றமையால், நேர்கோட்டைப் பொறுத்தவரை முதன்மை துலூஸ் நகர உயர் நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் டி ஃபெர்மாவுக்கே உரியதெனல் நியாயமாகும். நிலையானதொரு கோட்டில் குறித்ததொரு புள்ளியிலிருந்து ஒரு மாறியை அளந்து, அளவு முடிந்த இடத்தில் மாறாத கோணத்தில் மற்ற மாறியின் நீளத்துக்குக் கோடு எழுப்பினார் அவர். இவ்விரு நீளங்களின் விகிதம் மாறாதிருக்குமாயின், உண்டாகும் முக்கோணங்கள் யாவும் வடிவொத்தவையாதலால், எழுப்பிய கோட்டின் முனை நேர்கோட்டிலன்றி வேறெங்கும் செல்ல இயலாதென்று நிரூபித்தார். நண்பரிடையே கையெழுத்துப் பிரதியாக உலவிய அந்த அரிய ஆராய்ச்சி, 1665இல் அவர் மறைந்து 14 ஆண்டுகள் கழிந்த பின்னரே அச்சேறியது.

டேக்கார்ட்டும் ஃபெர்மாவும் குறை எண்களை அச்சுகளில் இடவில்லை. நான்கு கால்வட்டங்களிலும் புள்ளிகளைத் தயக்கமின்றிக் குறித்தவர் நியூட்டன். அவ்வாறு குறித்த அவருடைய ஆராய்ச்சி 1704இல் வெளிவந்தது. இவ்வாறு புள்ளிகளைக் குறிக்க உதவும் கட்டமிட்ட தாளைப் பள்ளிக்குள் கொணர வேண்டுமெனப் பெரிதும் வாதாடியவர் பொறியியற் பேராசிரியர் ஜான் பெரி. 1901இல் கிளாஸ்கோவில் அவர் ஆற்றிய உரை பிரசித்தமானது.

கோட்டின் புள்ளிகளைக் காண இன்று வழக்கிலுள்ள முறை எளிது. எக்ஸின் இருமடங்கும் ஒய்யின் மும்மடங்கும் சேர்ந்து 12 ஆகும் சமன்பாட்டை உதாரணமாகக் கொள்வோம். எக்ஸுக்குப் பூஜ்யம் இட்டால் ஒய் 4. ஒய்க்குப் பூஜ்யம் இட்டால் எக்ஸ் 6. அச்சுகளின்மேல் விழும் இவ்விரு புள்ளிகளே கோட்டை நிர்ணயிக்கப் போதுமெனினும், மூன்றாவதொன்றைப் பரிசோதனைக்காகக் காண்பது விவேகம். எக்ஸை 1 எனக் கொண்டால் ஒய் பின்னமாகித் தாளில் குறிப்பது சங்கடமாதலின், 3இன் மடங்குகளைத் தேர்வதே நலம். எக்ஸ் 3 ஆயின் ஒய் 2. இப்புள்ளி முன்னிரண்டுடன் ஒரே கோட்டில் அமையாவிடின், கணக்கிலோ குறித்ததிலோ பிழை நேர்ந்திருக்கிறது. எக்ஸ் மட்டுமே வரும் சமன்பாட்டில் அதன் மதிப்பு ஒன்றேயாதலால், ஒய்க்கு விரும்பிய எண்ணை இட்டுச் செங்குத்துக் கோட்டின் புள்ளிகளைப் பெறலாம்.