மரப்பாச்சியும் மகுடமும்

புரட்டாசி பிறந்து நவராத்திரி நெருங்கும்போது, தில்லி கரோல்பாகிலும் மும்பை மாதுங்காவிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் வாழும் நம்மவர் வீடுகளில் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கும். அதிலிருந்து முதலில் வெளிவருவது பெரும்பாலும் மரப்பாச்சிதான். தச்சர் அதற்குக் கொடுத்தது உடலும் முகமும். உடை கொடுப்பது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. தையற்கடைத் துணுக்கு, பழைய பட்டின் சரிகைக் கரை, நாலு பாசிமணி இவை போதும். போன ஆண்டு பட்டத்தரசியாக நின்றவள் இந்த ஆண்டு மணமகளாகிவிடுவாள். அவளுடைய சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. மரம் மறுத்துப் பேசுமா?

இந்தச் சிறு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பவைபோலத் தோன்றும் இரண்டு வரலாறுகளை இங்கே சேர்த்துப் பார்க்க விரும்புகிறோம். ஒன்று, உடை மாற்றி விளையாடும் பொம்மையின் வரலாறு. மற்றது, அழகிப் போட்டியின் வரலாறு.

1810ஆம் ஆண்டு இலண்டனில் எஸ். அண்டு ஜே. புல்லர் என்ற கடைக்காரர்கள் 'சின்ன ஃபேனியின் கதை' என்றொரு சிறு நூலை வெளியிட்டார்கள். நூலோடு சில காகித உருவங்களும் இருந்தன. உருவங்களுக்குத் தலை கிடையாது; தலை ஒன்றே ஒன்று தனியாக இருந்தது. அதை ஒவ்வோர் உடையிலும் செருகிக்கொண்டே கதையைப் படிக்கவேண்டும். நல்ல உடையில் கர்வம் கொண்ட சிறுமி ஃபேனி, உடையை இழந்து பிச்சைக்காரியாகி, முடிவில் எளிய உடையும் கையில் புத்தகமுமாக வீடு திரும்புகிறாள். உடை ஆசை கூடாது என்று போதிக்க வந்த நூலை, உடை மாற்றும் இன்பத்துக்காகவே குழந்தைகள் விரும்பியிருப்பார்கள் என்று நாம் ஊகித்தால் அது பெரிய தவறாகாது. பின்னர் அந்த நூற்றாண்டிலேயே காகிதப் பொம்மை மலிந்தது. பத்திரிகைகளின் பக்கங்களிலும் ஏறியது. ஒரு கத்தரிக்கோல் இருந்தால் ஏழைச் சிறுமிக்கும் பத்து உடை கிடைத்தது.

இனி மற்ற வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் அட்லாண்டிக் சிட்டி என்பது கோடைக்கால உல்லாச நகரம். செப்டம்பர் முதல் வாரத்தோடு கூட்டம் கலைந்துவிடும். விடுதிக்காரர்களுக்கு வருவாய் நின்றுவிடும். கூட்டத்தை இன்னும் சில நாள் நிறுத்திவைக்க 1921இல் அவர்கள் கண்ட உபாயமே பின்னர் 'மிஸ் அமெரிக்கா' என்று பெயர்பெற்ற போட்டி. பத்திரிகைகள் புகைப்படங்களைப் பார்த்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பின. முதல் ஆண்டு வென்ற மார்கரெட் கார்மனுக்கு அப்போது வயது பதினாறு. பிற்காலத்தில் இத்தகைய போட்டிகளைப் பற்றிக் கலை என்றும் பண்பு என்றும் எத்தனையோ பேசப்பட்டன. தொடக்கம் மட்டும் விடுதிக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில்தான்.

முப்பது ஆண்டுகள் சென்றபின் ஒரு பெண் மறுத்துப் பேசினார். 1951ஆம் ஆண்டுக்கான மகுடத்தை ஏற்ற யோலாண்டே பெட்பீஸ் அலபாமாவைச் சேர்ந்தவர், இசை பயின்றவர். வென்றவர் ஊர் ஊராகச் சென்று நீச்சலுடையில் நிற்கவேண்டும் என்பது வழக்கம். போட்டிக்குப் பணம் கொடுத்தவர்களில் நீச்சலுடை தயாரிக்கும் கேட்டலினா நிறுவனமும் ஒன்று. அவரோ, அந்த உடையில் ஊர்வலம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். போட்டியை நடத்தியவர்கள் அவருடைய முடிவுக்கு இணங்கினார்கள். நிறுவனத்தாருக்குச் சினம் மூண்டது. அவர்கள் விலகிச் சென்று, தங்களுக்கென்றே 1952இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் ஒரு புதிய போட்டியைத் தொடங்கினார்கள். அதுவே 'மிஸ் யூனிவர்ஸ்'. ஒரு பெண் ஓர் உடையை மறுத்ததால் பிறந்த போட்டிக்குப் பிரபஞ்சத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள்!

அந்த முதல் போட்டியில் இந்தியாவின் சார்பில் நின்றவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இந்திராணி ரஹ்மான் 1930இல் சென்னையில் பிறந்தவர். தாயார் ராகினி தேவி அமெரிக்காவில் பிறந்து இந்திய நடனத்துக்கே தம் வாழ்வைக் கொடுத்தவர். தந்தை ராமலால் பாஜ்பாய். இந்திராணி சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்றார். கட்டடக் கலைஞர் ஹபீப் ரஹ்மானை இளம் வயதிலேயே மணந்து, தாயாகவும் ஆகியிருந்தார். 1952இல் மிஸ் இந்தியா பட்டம் அவருக்குக் கிடைத்தபோது அவர் இல்லறத்தில் இருந்தவர் என்பதை, இன்றைய போட்டி விதிகளை அறிந்தவர்கள் வியப்போடு கேட்பார்கள்.

லாங் பீச்சில் அவருக்கு மகுடம் கிடைக்கவில்லை. பின்லாந்து நாட்டு ஆர்மி கூசெலா வென்றார். அதனால் இந்திராணிக்கு என்ன குறைந்துவிட்டது? ஒரிசாவுக்குச் சென்று தேவபிரசாத் தாஸிடம் ஒடிசி நடனம் கற்றார். அந்நாளில் அம்மாநிலத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த அந்த நடனத்தை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றவர்களுள் அவர் முன்னணியில் நின்றார். 1969இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின்னர் நியூயார்க்கின் ஜூலியார்டு கலைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். 1999இல் மறைந்தார். சலங்கையும் நடன உடையும் அவர் தாமே தேர்ந்துகொண்டவை.

1966இல் இலண்டனில் 'மிஸ் வேர்ல்ட்' பட்டத்தை வென்ற ரீட்டா ஃபரியாவின் கதையும் இதற்கு அடுத்து வைத்துப் பார்க்கத் தக்கது. கோவாக் குடும்பத்தில் பிறந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் அவர். இலண்டனுக்குக் கொண்டுபோன உடைகளில் சில இரவல். கைச்செலவுக்கு இருந்தது மூன்று பவுன். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவரே. ஓராண்டுக் காலம் பட்டத்தின் கடமைகளைச் செய்து முடித்தார். அதன்பின் விளம்பர உலகமும் திரையுலகமும் வழிபார்த்திருக்க, அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் படிப்பைத் தொடர்ந்து மருத்துவரானார்.

இவ்விருவரும் மேடையை விட்டு இறங்கத் தெரிந்தவர்கள். ஆனால் எல்லாருக்கும் கல்வியோ கலையோ கைகொடுப்பதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

பெங்களூரில் வாழும் நம்மவரில் மூத்தவர்களுக்கு 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நன்றாக நினைவிருக்கும். அந்நகரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது பெண்கள் அமைப்புகளும், விவசாயிகள் சங்கத்தாரும், பண்பாட்டின் பெயரால் பேசியோரும் தத்தம் காரணங்களோடு எதிர்த்தார்கள். மதுரையில் இளைஞர் ஒருவர் தீக்குளித்து உயிரையே விட்டார். நீச்சலுடைச் சுற்று மட்டும் கடல் கடந்து சீஷெல்ஸ் தீவுகளுக்கு மாற்றப்பட்டது. ஓர் உடைக்காக ஒரு நகரம் கொந்தளித்தது. அதை உடுத்தவேண்டியிருந்த பெண்களோ விமானமேறிப் போய்வந்தார்கள். அவர்களுடைய விருப்பத்தைப் பற்றி அந்த ஆரவாரத்தில் கேட்டவர் எத்தனை பேர் என்று இன்று எண்ணிப்பார்க்கிறோம். அந்தச் சுற்று தொடர்வதில்லை என உலக அழகிப் போட்டியினர் 2014இலும், மிஸ் அமெரிக்காவினர் 2018இலும் அறிவித்தார்கள்.

அதே 1996இல் அமெரிக்கக் கடைகளில் இன்னொன்று விற்பனைக்கு வந்தது. அதைச் சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். ரூத் ஹேண்ட்லர் என்ற அம்மையார், தம் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளுக்கு வளர்ந்த பெண்களின் உடைகளை அணிவித்து விளையாடுவதைக் கண்டார். கைக்குழந்தைப் பொம்மைகளைவிட இவற்றிலேயே அவளுக்கு நாட்டம் மிகுதி. அதைக் கண்ட கண்தான் 1959இல் பார்பி பொம்மையைக் கொண்டுவந்தது. கண்ணாடிப் பெட்டி மேடையில் நிற்கும் அழகியின் உருவம் அந்தப் பொம்மையில் படிந்திருந்தது என்று குறைகூறியோர் பலர். குறைகூறியதில் நியாயமும் உண்டு. 1996இல் அந்தப் பார்பிக்குக் கணிப்பொறித் திரையில் உடை வரைந்து, துணி ஒட்டிய தாளில் அச்சிட்டு, வெட்டி அணிவிக்கும் வட்டு ஒன்று வெளிவந்தது. முதல் இரண்டு மாதங்களில் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. சிறுமிகள் கணிப்பொறி விளையாட்டை வாங்கமாட்டார்கள் என்று எண்ணியிருந்த வணிகர்கள் வாயடைத்துப் போனார்கள்.

ஜப்பானில் இதற்கு முன்பே ஒரு வழி திறந்திருந்தது. உடை மாற்றுவதை அந்நாட்டு மொழியில் 'கிசேகாயே' என்பார்கள். காகிதத்தில் அந்த விளையாட்டு அங்கே நெடுங்காலமாக உண்டு. 1991இல் புனைபெயர் கொண்ட ஒருவர் அதைக் கணிப்பொறிக்கு ஏற்றார். பாவாடை, சட்டை, தொப்பி எல்லாம் தனித்தனிப் படத்துண்டுகள். எது மேலே, எது கீழே என்ற வரிசையை ஒரு சிறு கோப்பு சொல்லும். விளையாடுபவர் சுட்டியால் இழுத்து வைப்பார். வரையத் தெரிந்த யாரும் புதிய பொம்மையைச் செய்து பிறருக்கு இலவசமாகக் கொடுக்கலாம். அப்படியே பல நாடுகளில் பலர் செய்தார்கள். பின்னர் இணையம் பரவியபோது, 'ஃபிளாஷ்' என்ற மென்பொருளின் துணையால் இத்தகைய விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. பட்டம் சூடப் போகும் அழகியை நீங்களே அலங்கரியுங்கள் என்று அழைத்தவையும் அவற்றுள் உண்டு. பொம்மையும் போட்டியும் இங்கே ஒன்றாகிவிட்டன.

இதில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, ஐயமும் உண்டு. அட்லாண்டிக் சிட்டியில் உடையைத் தீர்மானித்தவர்கள் விடுதிக்காரர்களும் துணி வணிகர்களும். திரையிலோ பத்து வயதுச் சிறுமியே தீர்மானிக்கிறாள், தவறாகப்பட்டால் ஒரு நொடியில் மாற்றுகிறாள், சிரிக்கிறாள். ஆயினும் பிற்பட்ட விளையாட்டுகள் சிலவற்றில் நடுவர்கள் மெல்லத் திரும்பி வந்துவிட்டார்கள். 2013இல் வந்த 'கவெட் ஃபேஷன்' போன்றவற்றில், நாம் உடுத்திய பொம்மைக்கு முகமறியாத பிற விளையாட்டுக்காரர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். நல்ல மதிப்பெண் வேண்டுமானால் நல்ல உடை வேண்டும். நல்ல உடைக்குச் சில வேளைகளில் உண்மைப் பணமே வேண்டியிருக்கிறது. விடுதிக்காரரின் கணக்குப் புத்தகம் வேறு அட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தியது; அடுத்த சில நாட்களில் அது இயங்காதவாறும் தடுத்துவிட்டது. அதனால், ஒரு தலைமுறைச் சிறுமிகள் மாலைப் பொழுதுகளில் அலங்கரித்து மகிழ்ந்த பொம்மைகள் திரையிலிருந்து மறைந்தன. தில்லியில் சங்கர் பிள்ளை 1965இல் நிறுவிய பொம்மைக் காட்சிசாலையில் பல நாட்டுப் பொம்மைகள் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக நிற்பதை நம்மில் பலர் பிள்ளைகளோடு சென்று பார்த்திருப்போம். திரைப் பொம்மைக்கு அப்படி அலமாரி கிடையாது. ஆர்வலர்கள் சிலர் கூடி, 'ஃபிளாஷ்பாயிண்ட்' என்ற பெயரில் அந்தப் பழைய விளையாட்டுகளைத் திரட்டிக் காத்துவருகிறார்கள். போர் விளையாட்டும் பந்தய விளையாட்டும் அதில் இருக்கின்றன. அவற்றோடு உடை மாற்றும் பொம்மைகளும் இருக்கின்றன. திறந்தால், அரைச் சிரிப்போடு ஒரு பெண் நடுவில் நிற்கிறாள். சுற்றிலும் அவளுடைய பாவாடைகளும் சட்டைகளும் காலணிகளும் சிதறிக் கிடக்கின்றன.