ஒத்தி வீடும் கொரியத் தொடரும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, உங்க வீட்லயும் இந்தக் கொரியன் சீரியல்தானா? எங்க பேத்தி ராத்திரி பகலா அதையே பார்க்குது. அதுல அப்படி என்னதான் இருக்கு? எல்லாம் பொய்தானே?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பாயசம் வந்தது, பேச்சு மாறிவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது ஒரு கேள்வி அல்ல, இரண்டு. எங்கோ இருக்கும் ஒரு நாட்டின் கதை நம் வீட்டுக் கூடத்துக்குள் எப்படி வந்தது என்பது ஒன்று. அதில் உள்ளது மெய்யா பொய்யா என்பது மற்றொன்று. மலருக்குக் கட்டுரை கேட்டபோது இவ்விரண்டுக்கும் விடை எழுதிப் பார்க்கலாம் என்று துணிந்தேன்.

வந்த வழி

தென் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி 1961 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. போர் ஓய்ந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஏழை நாடு அப்போது அது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கப்பலும் காரும் தொலைக்காட்சிப் பெட்டியும் செய்து விற்று நிமிர்ந்தார்கள். 1994இல் அந்நாட்டு ஆலோசனைக் குழு ஒன்று அதிபரிடம் ஒரு கணக்குச் சொன்னது. 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே ஒரு ஹாலிவுட் படம் ஈட்டிய வருமானம், 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்பதே அந்தக் கணக்கு. பெட்டி செய்கிறவர்கள் பெட்டிக்குள் ஓடும் கதையையும் ஏன் விற்கக் கூடாது என்ற எண்ணம் அங்கே வேரூன்றிய காலம் அது.

1991-92இல் அங்கே ஒளிபரப்பான 'காதல் என்றால் என்ன' என்ற குடும்பத் தொடர், 1997இல் சீன அரசுத் தொலைக்காட்சியில் வந்து பெரும் வரவேற்புப் பெற்றது. அதை எழுதியவர் கிம் சூ ஹியுன் என்ற பெண் எழுத்தாளர். அதே ஆண்டின் இறுதியில் கொரியா அந்நியச் செலாவணி நெருக்கடியில் விழுந்து பன்னாட்டு நிதியத்திடம் கடன் வாங்க நேர்ந்தது. வெளிநாட்டுச் சந்தையைத் தேட அதுவும் ஒரு காரணமாயிற்று. சீனப் பத்திரிகைகள் இந்த வரத்துக்கு 'கொரிய அலை' என்று பெயர் வைத்தன. 2003இல் 'விண்டர் சொனாட்டா' ஜப்பானுக்குப் போனது. நடுவயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டு, அத்தொடர் எடுக்கப்பட்ட நமி தீவைப் பார்க்கப் போனார்கள்.

இந்தியாவுக்கு இது செல்பேசியோடு வந்ததாகத்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. 2000ஆம் ஆண்டில் மணிப்பூரில் ஒரு தலைமறைவு இயக்கம் இந்திப் படங்களுக்குத் தடை விதித்தது. அந்த வெற்றிடத்தில் நுழைந்தவைதாம் அரிராங் என்ற கொரிய அலைவரிசையும் கொரியக் குறுந்தகடுகளும். அங்கிருந்து வடகிழக்கு முழுவதும் பரவின. 2006இல் தூர்தர்ஷனே இரண்டு கொரியத் தொடர்களை இந்தியில் ஒளிபரப்பியது. அவற்றில் ஒன்று 'டே ஜாங் கம்'. அரண்மனைச் சமையல்கட்டில் சேர்ந்த அநாதைப் பெண் அரசருக்கே வைத்தியராக உயரும் கதை, 54 பகுதிகள். ஜுங்ஜோங் என்ற அரசரின் காலத்தில் (1506-1544) அப்படி ஒரு பெண் வைத்தியர் இருந்ததாக அரச குறிப்பேடுகளில் சில வரிகள் உண்டு. மற்றதெல்லாம் கற்பனை. நமக்கு இது புதிதல்ல. உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பது சில வரிகள்தான், கல்கி எழுதியது ஐந்து பாகம்.

தமிழ்நாட்டில் 2013இல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' போன்ற தொடர்களைத் தமிழ்க் குரலில் கொடுத்தது. மதுரையில் தனியாக இருந்த என் அம்மா முதன்முதலில் கொரிய முகங்களைப் பார்த்தது அதில்தான். "சலவைக் கடைக்காரர் மக ஒருத்தி, பணக்காரப் பயக கூட மல்லுக்கு நிக்கிறா" என்று போனில் கதை சொல்வார். நான் "ம்ம்" கொட்டிக்கொண்டே நியூ டவுன் அலுவலகத்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பேன். 2020 ஊரடங்கு வந்தபின் அலை எல்லா வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

உறவு தேடும் ஆசை

கொரியாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்மவர்கள் உடனே 'அப்பா' என்ற சொல்லுக்குப் போய்விடுவோம். அவர்களும் அப்பாவை 'அப்பா' என்கிறார்கள், புல்லை 'புல்' என்கிறார்கள், நாளை 'நல்' என்கிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். 13ஆம் நூற்றாண்டுக் கொரிய நூலொன்று, 'அயுத' நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து அரசியான ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறது. அந்நாடு அயோத்தி என்பாரும் உண்டு, குமரிப் பக்கத்து ஆய் நாடு என்பாரும் உண்டு. ஆனால் இன்றைய மொழியியலார் கொரிய மொழியைத் தனிக் குடும்பமாகவே வைக்கிறார்கள். அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தையின் வாயில் முதலில் வரும் ஒலிகள், பல மொழிகளில் ஒத்துப்போகும். ஆகவே சொல் ஒற்றுமையை வைத்துச் சொந்தம் கொண்டாடுவது சரியாகாது.

நாம் வாழும் வங்கத்துக்கும் கொரியாவுக்கும் உள்ள தொடர்புக்கு நல்ல சான்றே இருக்கிறது. ஜப்பானிய ஆட்சியின்கீழ் கொரியா தவித்துக்கொண்டிருந்த 1929இல் தாகூர் அந்நாட்டைப் பற்றிச் சில வரிகள் எழுதிக் கொடுத்தார், அங்குள்ள 'தொங்-ஆ இல்போ' நாளிதழ் அதை வெளியிட்டது. கொரியர்கள் இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அடுத்த முறை ரவீந்திர தீர்த்தம் பக்கம் போகும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பொய் எது?

இனி இரண்டாவது கேள்வி. பொய் நிறையவே இருக்கிறது. கோடீஸ்வரன் மகன் ஏழைப் பெண்ணைத் துரத்தித் துரத்திக் காதலிப்பது, சரியான நேரத்தில் லாரி வந்து மோதுவது, மோதியதும் பழைய நினைவு மறப்பது இவையெல்லாம் நம் கருப்பு வெள்ளைப் படங்களில் பார்த்த சரக்குதான். 2010இல் சட்டம் இடம் கொடுத்ததிலிருந்து காட்சிக்குள்ளேயே விளம்பரம் புகுந்துவிட்டது. கதாநாயகி கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட கடை ரொட்டியைத்தான் கடிப்பாள்.

இதைவிடப் பெரிய பொய் காட்டாமல் விடுவதில் இருக்கிறது. ஆணெல்லாம் அன்பே உருவாக வரும் நாட்டில், ஆண் பெண் ஊதிய இடைவெளி வளர்ந்த நாடுகளிலேயே மிக அதிகம். காதலும் கல்யாணமும் கதையாக ஓடும் நாட்டில், ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தை எண்ணிக்கை 2023இல் 0.72 என்ற அளவுக்கு இறங்கியது. அழகான காப்பிக் கடையைப் பார்த்துவிட்டு "நான் சியோலுக்குப் போறேன்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மெய் எது?

அப்படியானால் ஏன் மனசு ஒட்டுகிறது? கதை பொய்யானாலும் கதை நடக்கும் வீடு மெய்யாக இருப்பதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

2019-20இல் வந்த 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும் பணக்காரப் பெண் சூறாவளியில் பறந்துபோய் வட கொரியாவில் விழுகிறாள் என்ற கதையை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த வட கொரியக் கிராமத்தில் கரண்ட் போவதும், ரயில் நடுவழியில் நின்றுவிடுவதும், அண்டை வீட்டுப் பெண்கள் கூடிக் கிம்ச்சி போடுவதும் அப்படியே எங்கள் ஊர் என்று அங்கிருந்து தப்பி வந்தவர்களே சொன்னார்கள். எழுத்துக் குழுவில் வடக்கிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார். 2021இல் வந்த 'ஸ்க்விட் கேம்' உயிரைப் பணயம் வைக்கும் விளையாட்டு. அதுவும் நடக்காத கதைதான். ஆனால் அதன் நாயகன் வேலை இழந்த பின்னணி, 2009இல் ஸாங்யாங் கார் ஆலையில் நடந்த ஆட்குறைப்பையும் வேலைநிறுத்தத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். அதில் கூலி கிடைக்காமல் தவிக்கும் பாகிஸ்தானியத் தொழிலாளியாக நடித்தவர் டெல்லிக்காரர் அனுபம் திரிபாதி. பிழைக்க வெளியூர் போனவன் கதை நமக்குப் புரியாமல் போகுமா?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். அம்மா இப்போது எங்களோடு நியூ டவுனில் இருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, வங்காளம். தமிழ் என்றால் "சாப்ட்டேன்", "வர்றேன்", "போதும்" இவ்வளவுதான். அப்பத்தாவும் பேத்தியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு இருக்காது. ஒருநாள் பேத்தி 'ரிப்ளை 1988' பார்த்துக்கொண்டிருந்தாள். 2015-16இல் வந்த தொடர். சியோலில் ஒரு சந்தில் குடியிருக்கும் ஐந்து குடும்பங்களின் கதை. அடியெழுத்து ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. "என்னத்தா சொல்றா அவ?" என்று கேட்க, இவள் தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அவ அவங்கிட்ட 'நீ'ங்கிறாளா, 'நீங்க'ங்கிறாளா?" இது அம்மாவின் முதல் சந்தேகம். ஆங்கில அடியெழுத்தில் இரண்டும் ஒன்றுதான். கொரியப் பேச்சில் வயது, உறவு பார்த்து மரியாதை மாறும், நம் பேச்சைப் போலவே. பேத்தி காதைத் தீட்டிக் கேட்டு, "இப்போ 'நீ'ன்னு சொல்லிட்டா அப்பத்தா" என்றாள். "அப்படின்னா பிடிச்சிருச்சு" என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்துக் கதையும் அதையே சொன்னது.

அந்தத் தொடரில் நாயகியின் குடும்பம் பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீட்டில் வாடகைக்கு இருக்கிறது. அப்பா வங்கியில் வேலை பார்க்கிறவர், நண்பன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர். அந்த அரைநிலவறை வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. போர் வந்தால் பதுங்குவதற்காகக் கட்டடங்களில் நிலவறை வேண்டும் என்று 1970இல் விதி வந்தது, பிறகு வீட்டுப் பஞ்சத்தில் அதுவே ஏழைகள் குடியிருக்கும் இடமாயிற்று. ஜாமீன் கையெழுத்து என்றதும் அம்மா, "போச்சு, குடும்பம் தெருவுக்கு வந்திருச்சு" என்றார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு தொடரில் 'ஜொன்சே' என்று ஒன்று வந்தது. மாத வாடகை கிடையாது. வீட்டு விலையில் பெரும்பங்கை மொத்தமாகக் கொடுத்துக் குடியேறி, கெடு முடிந்து காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மாதத் தவணையும் வாடகையும் மட்டுமே தெரிந்த பேத்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா சிரித்துவிட்டார். "இது ஒத்தி. நாங்க மதுரையில இருந்தது ஒத்தி வீடுதான்."

அதன்பின் அவர் சொன்னது எனக்கே தெரியாது. 1987இல் நாங்கள் திடீரென்று வீடு மாறினோம். ஸ்கூல் பக்கம் என்பதால் மாறினோம் என்றுதான் இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன். வீட்டுக்காரர் அதே வீட்டை இன்னொருவரிடமும் அடமானம் வைத்திருந்தாராம். ஒத்திப் பணம் முழுசாக வரவே இல்லை. புது வீட்டுக்கு முன்பணம் கட்ட அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி போயிற்று. அப்பா அதைப் பற்றிச் சாகும்வரை வாய் திறக்கவில்லை. கொரியாவிலும் இதே மோசடி பெருகி, ஏமாந்தவர்களுக்காக 2023இல் தனிச் சட்டமே போட்டார்கள் என்று நான் தேடிப் படித்துச் சொன்னேன். "நமக்கு அப்ப யாருப்பா சட்டம் போட்டா" என்றார் அம்மா. பேத்தி தொடரை நிறுத்திவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு அப்பத்தா?" என்று கேட்டாள். அந்த ராத்திரி தொடர் அங்கேயே நின்றது.

நம் தொடர்கள்

நம் தொடர்களிலும் இந்த மெய் இருந்தது. 'சித்தி' (1999-2001), 'மெட்டி ஒலி' (2002-2005) ஓடிய நாட்களில் தெருவே அடங்கியிருக்கும். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் ஒரு அப்பாவின் கணக்கு வழக்கு எல்லா வீட்டிலும் இருந்ததுதானே. ஆனால் பார்வையாளர் கணக்கு ஏறும்வரை இழுக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தபின் சீர்வரிசைக் கவலை போய், விஷம் வைக்கும் வில்லி வந்துவிட்டாள். கொரியாவிலும் நூறு பகுதிக்கு மேல் ஓடும் தினசரித் தொடர்கள் உண்டு, அங்கேயும் மாமியார் கொடுமை உண்டு. நம்மிடம் பெரும்பாலும் வந்து சேர்வது பதினாறு, இருபது பகுதியில் முடிகிற பொறுக்கி எடுத்த சரக்கு. ஆகவே ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிட வேண்டும். முடிவு எங்கே என்று தெரிந்து எழுதுகிறவருக்கு வீட்டையும் கடனையும் கவனித்துச் சொல்ல நேரம் இருக்கிறது. முடிவே இல்லாதவருக்கு நாளைக்கு ஒரு அதிர்ச்சி தேவைப்படுகிறது. வித்தியாசம் நாட்டில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

இப்போது சில கொரியத் தொடர்கள் தமிழ்க் குரலோடும் வருகின்றன. "தமிழ்லயே போட்டுத் தரட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். "வேணாம்ப்பா, பிள்ளை சொல்லும்" என்றுவிட்டார். பிள்ளையின் தமிழ் இன்னும் திருத்தமாக இல்லை. "அவன் போச்சு" என்கிறாள், "அவள் வந்தான்" என்கிறாள். ஆனால் ஜாமீன், ஒத்தி, அடமானம், கெடு என்ற சொற்கள் அவளுக்கு இப்போது தெரியும்.

பந்தியில் கேட்ட பெரியவருக்கு என் விடை இதுதான்: ஐயா, கதை பெரும்பாலும் பொய்தான். வீடு மெய். பேத்தி பார்க்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னம்மா சொல்றான்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவளுக்குப் புரியாத இடம் ஒன்று வரும். அது உங்களுக்குத் தெரிந்ததாக இருக்கும்.