பதினொருவர் இல்லாத ஊர்கள்

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர்ப் பள்ளிகள் பல, கால்பந்துக்கு ஓர் அணி திரட்ட இயலாது தவித்தன. (அங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த ஆட்டமன்று, நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி, மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம்.) அணிக்குப் பதினொருவர் வேண்டும். செஸ்டர் என்னும் ஊரின் இளம் ஆசிரியர் ஸ்டீபன் எப்லர் மாணவரைத் தேடி அலையவில்லை, விதியையே மாற்றினார். அணிக்கு அறுவர், திடலும் சிறியது. 1934 செப்டம்பர் 26 அன்று ஹெப்ரன் நகரில் நடந்த முதல் ஆட்டம் 19-19 எனச் சமனில் முடிந்தது.

அரை நூற்றாண்டுக்குப் பின் வேறொரு கதவு திறந்தது. 1988இல் மின்னசோட்டாவும், 1989இல் நெப்ராஸ்காவும் அயோவாவும், தம் பள்ளி மாவட்டத்துக்கு வெளியேயுள்ள அரசுப் பள்ளியிலும் பிள்ளைகள் சேரலாம் எனச் சட்டம் செய்தன. பெற்றோரின் உரிமை என்ற அளவில் அது நியாயமே. ஆயினும் பிள்ளையோடு அரசு நிதியும் இடம்பெயர்ந்தது. பெரிய பள்ளிக்கு ஒரு மாணவன் பதிவேட்டில் ஓர் எண். சிற்றூருக்கோ அவன் அறுவரில் ஒருவன். ஆட்டக்காரரைக் கவர்ந்து செல்வதைத் தடுக்க, மாறி வந்தோர் முதல் 90 பள்ளி நாள்கள் முதன்மை அணியில் ஆடலாகாது என அயோவா பின்னர் விதித்தது. சில விலக்குகளும் அளித்தது. கடிவாளம் தேவைதான். ஆனால் நல்ல ஆய்வகம் நாடி மாறியவனையும் அது திடலுக்கு வெளியே நிறுத்தக்கூடியது.

அண்டைப் பள்ளிகள் இணைந்து ஒரே அணியாய் ஆடுவதும் உண்டு. அதுவும் புதிதன்று: ஹெப்ரனில் அன்று ஆடிய இரண்டு அணிகளும் நான்கு பள்ளிகளின் பிள்ளைகளைக் கொண்டே அமைந்தவை.